கிழித்து ஒட்ட ஒரு பக்கம்: பதின்வயதினருக்கு இசை இதழ் வடிவமைப்பது எப்படி

தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்ற காலம் ஒன்று உண்டு. கதைச் சுருக்கம் நாலு பத்தி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று ஒரு வரி, அதற்குப் பிறகு முழுக்கப் பாடல் வரிகள். மட்டமான தாள், ஒற்றை மை. ஆனாலும் அதை யாரும் தூக்கிப் போடவில்லை. பாட்டு காற்றில் வந்து காற்றில் போய்விடும், வரி மட்டும் கையில் நிற்கும் என்பதால் பத்திரப்படுத்தினார்கள்.

இங்கிலாந்தில் நிக் லோகன் 1978-ல் தொடங்கிய ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ இதழும் இதே ஆசையைப் பிடித்துத்தான் வளர்ந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்த பாடல்களின் வரிகளை முழுதாக அச்சிட்டது, பக்கம் நிறையப் படம் போட்டது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தது. ஜெர்மனியில் 1956-ல் தொடங்கிய ‘பிராவோ’ இன்னொரு வழி கண்டது. ஒரு நட்சத்திரத்தின் ஆளுயரப் படத்தைத் துண்டு துண்டாக்கி இதழுக்கு ஒரு துண்டாகக் கொடுத்தது. எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டினால் கதவு உயரத்துக்கு ஆள் நிற்பார். ஒரு துண்டு தவறினால் முழங்கால் இருக்காது. அடுத்த இதழை வாங்காமல் எப்படி இருப்பது?

‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ 2006-ல் நின்றுபோனது. வரிகளும் செய்திகளும் இணையத்துக்குப் போய்விட்டன. இன்று பதின்வயதினருக்கு இசை இதழ் வடிவமைப்பவர் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது இதைத்தான்: செய்தியில் போனை ஜெயிக்க முடியாது. புதுப் பாட்டு வெளியானது உங்கள் இதழ் பைண்டிங்கில் கிடக்கும்போதே வாசகருக்குத் தெரிந்துவிடும். அச்சிட்ட இதழ் தரக்கூடியது வேறு. கிழிக்கலாம், சுவரில் ஒட்டலாம், பேனாவால் கிறுக்கலாம், மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பாடிப் பார்க்கலாம். ஒவ்வொரு பக்கத்தையும் திட்டமிடும்போது ‘இதை வைத்து வாசகரின் கை என்ன செய்யும்?’ என்று கேளுங்கள். கீழே வரும் எல்லாமே அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவைதான்.

யாருக்கு?

‘13 முதல் 19 வயது வரை’ என்று எழுதினால் யாருக்குமே எழுதவில்லை என்று அர்த்தம். எட்டாம் வகுப்புப் பையனும் கல்லூரி முதலாண்டு மாணவியும் ஒரே இதழைக் கையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். எட்டாம் வகுப்பு மேலே பார்க்கும், கல்லூரி கீழே பார்க்காது. ஆகவே இலக்கை இரண்டு, மூன்று வயதுக்குள் சுருக்குங்கள். 15 வயதுக்கு என்று வடிவமைத்தால் 13 வயதுக்காரர் தாமாக வந்து சேர்வார். 13-க்கு வடிவமைத்தால் 15 வயதுக்காரர் தொடவே மாட்டார்.

ஒரு வாசகரை ஒரே தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள். பத்தாம் வகுப்பு, தனி அறை கிடையாது, தங்கையோடு ஒரே சுவரைப் பங்கிடுகிறார், பாட்டுக் கேட்பது அம்மா போனில் அல்லது ஸ்கூல் வேனில், கானாவும் ராப்பும் பிடிக்கும், வீட்டில் கீபோர்டு ஒன்று தூசி படிந்து கிடக்கிறது. இப்படி எழுதினால் வடிவமைப்பு முடிவுகள் அதிலிருந்தே வரும். பங்கிட்ட சுவர் என்றால் போஸ்டர் பெரிதாக ஒன்று போதாது, சிறியதாக நாலு வேண்டும். போன் எப்போதும் கையில் இல்லை என்றால் க்யூஆர் குறியீட்டை நம்பி முக்கியமான விஷயத்தை ஒளித்து வைக்கக் கூடாது.

தாளில் இருந்து தொடங்குங்கள்

புதிதாக வருபவர்கள் கணினியில் ஏ4 பக்கத்தைத் திறந்து வரைய ஆரம்பித்துவிடுகிறார்கள். பிரஸ்ஸுக்குப் போனதும் முதல் அடி விழுகிறது. இங்கே ஆஃப்செட் அச்சகங்களில் பரவலாக ஓடும் தாள்களில் ஒன்று 23-க்கு 36 அங்குலம், அதாவது 584-க்கு 914 மி.மீ. அதன் ஒரு பக்கத்தில் எட்டுப் பக்கங்களை நாலுக்கு இரண்டாக அடுக்குவார்கள். இரு பக்கமும் சேர்த்து 16 பக்கம், ஒரு பாரம். ஏ4-இன் உயரம் 297 மி.மீ. வெட்டுக்கு மேலும் கீழும் 3 மி.மீ. சேர்த்து இரண்டு வரிசை வைத்தால் 606 மி.மீ. ஆகிறது. 584-க்குள் அது அடங்காது. பெரிய தாளுக்குப் போக வேண்டும், ஓரமெல்லாம் கழிவாகப் போகும், காசும் போகும்.

அதனால் 210-க்கு 273 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது எட்டேகாலுக்குப் பத்தே முக்கால் அங்குலம். வெட்டுப் பகுதியோடு 216-க்கு 279. நாலு பக்கம் அகலத்தில் 864, இரண்டு பக்கம் உயரத்தில் 558. தாளை இயந்திரம் பிடித்து இழுக்கும் இடம்கூட மீதமிருக்கும். ஆனாலும் அச்சகத்தில் எந்த அளவுத் தாள் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டே அளவை முடிவு செய்யுங்கள். வடிவமைத்து முடித்தபின் அளவு மாறினால் எல்லாப் பக்கத்தையும் மறுபடி கட்ட வேண்டும்.

முதல் இதழுக்கு 24 பக்கம், நடுவில் இரண்டு பின். பின் அடிக்கும் இதழில் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், ஏனென்றால் ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம். ஆறு தாளை எடுத்து மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி, பென்சிலால் 1 முதல் 24 வரை எண் போடுங்கள். இதுதான் டம்மி. இப்போது பிரித்துப் பாருங்கள்: ஒரே தாளில் 1-ம் 24-ம், அதன் முதுகில் 2-க்குப் பக்கத்தில் 23. பக்கத்தில் பக்கமாக உட்காரும் எண்களைக் கூட்டினால் எப்போதும் 25 வரும். நட்டநடுத் தாளில் முன்னால் 12, 13; அதன் முதுகில் 11, 14.

இந்த நடுத்தாளில்தான் இதழின் உயிர் இருக்கிறது. 12-13 நடுப்பக்க போஸ்டர். வாசகர் பின்னை நிமிர்த்தி அதை உருவி எடுப்பார். எடுத்தால் 11-ம் 14-ம் கூடவே போய்விடும். 10-ம் பக்கத்தில் தொடங்கிய பேட்டியின் முடிவை 11-ல் வைத்திருந்தால் அது இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே 11-லும் 14-லும் தொடர்ச்சி எதுவும் வேண்டாம். அங்கே சிறிய போஸ்டர்கள், வெட்டி எடுக்கும் புக்மார்க், நோட்டில் ஒட்டும் லேபிள் என்று வையுங்கள். எந்தப் பக்கத்தை வெளியே காட்டி ஒட்டுவது என்று வாசகர் தடுமாற வேண்டும். அப்படித் தடுமாறினால் திட்டம் சரியாக அமைந்திருக்கிறது.

செலவையும் இதே கணக்கில் அடக்கலாம். அட்டை 4 பக்கம், நடுத்தாள் 4 பக்கம் இரண்டையும் 170 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாளின் எடை) ஆர்ட் பேப்பரில் சேர்த்து நாலு கலரில் அடிக்கலாம். மிச்சம் 16 பக்கம், அதாவது 3 முதல் 10 வரையும் 15 முதல் 22 வரையும், சரியாக ஒரு பாரம். அதை 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோவில், அதாவது பளபளப்பில்லாத சாதாரணத் தாளில் அடியுங்கள். இது வெறும் சிக்கனமல்ல. ஆர்ட் பேப்பரின் பளபளப்பில் பென்சில் வழுக்கும், பால் பாயின்ட் மை உலராமல் கையில் ஒட்டும். எழுத வேண்டிய பக்கம் மேப்லித்தோவில் இருந்தால்தான் எழுதுவார்கள். 300, 400 பிரதிகளுக்குள் அடிப்பதாக இருந்தால் டிஜிட்டல் அச்சின் விலையையும் கேட்டுப் பாருங்கள். ஆஃப்செட்டில் பிளேட் எனும் அச்சுத் தகட்டின் செலவு பிரதி எண்ணிக்கை ஏறினால்தான் பரவும்.

நடுப்பக்க போஸ்டரில் ஒரு எச்சரிக்கை. மடிப்பு நடுவில் ஓடும், இரண்டு பின் துளையும் அதன் மேல்தான் விழும். ஒற்றை ஆளின் முகத்தை நடுவில் வைத்தால் மூக்கில் பின். நிற்கும் ஆளை 90 பாகை திருப்பி, இதழைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்கும்படி வைத்தால் மடிப்பு இடுப்பருகே போய்விடும், முகம் மேல் பாதியில் காயமின்றி இருக்கும். குழுப் படமாக இருந்தால் இரண்டு பேருக்கு இடையிலான இடைவெளி மடிப்பில் விழட்டும்.

கட்டமும் தமிழ் எழுத்தும்

பக்கத்துக்குள் ஓரங்கள்: உள்ளே 15 மி.மீ., வெளியே 12, மேலே 14, கீழே 18. மீதமுள்ள 183 மி.மீ. அகலத்தை ஆறு பத்தியாகப் பிரியுங்கள், இடைவெளி 5 மி.மீ. ஒரு பத்தி 26 மி.மீ.-க்குக் கொஞ்சம் மேல். இந்த ஆறையும் ஆறாகவே பயன்படுத்தப் போவதில்லை. மூன்று மூன்றாகச் சேர்த்தால் 89 மி.மீ. அகலத்தில் இரண்டு பத்தி கிடைக்கும், பேட்டிக்கு ஏற்றது. நாலும் இரண்டுமாகச் சேர்த்தால் அகலமான கட்டுரையும் பக்கத்தில் ஒல்லியான துணுக்குப் பட்டையும் கிடைக்கும்.

ஆங்கில இதழ்களைப் பார்த்து மூன்று ஒல்லிப் பத்தி வைக்கும் பழக்கம் தமிழுக்கு ஒத்துவராது. நம் சொற்கள் நீளம். 58 மி.மீ. பத்தியில் 10 பாயின்ட் எழுத்தில் மூன்று, நான்கு சொல்தான் அடங்கும். ‘பாடிக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்று ஒரு சொல் வந்தால் வரியே முடிந்தது. இருபுறமும் ஓரம் சீராக்கினால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும், அது வரிக்கு வரி சேர்ந்து பக்கத்தில் வெள்ளை ஓடை ஓடும். ஒல்லிப் பத்தி தவிர்க்க முடியாத இடத்தில் இடது ஓரத்தை மட்டும் சீராக்கி வலது ஓரத்தை விட்டுவிடுங்கள். வரி கடைசியில் சொல்லை உடைக்க நேர்ந்தால் அடுத்த வரி மெய்யெழுத்தில் தொடங்காமல் பாருங்கள்.

வரி இடைவெளியும் நமக்கு அதிகம் வேண்டும். மேலே ‘கி’, ‘கீ’யின் வளைவு, கீழே ‘கூ’, ‘ழு’வின் சுழி. 10 பாயின்டுக்கு 12 பாயின்ட் இடைவெளி விட்டால் மேல் வரியின் சுழியும் கீழ் வரியின் வளைவும் உரசும். 14 அல்லது 14.5 வையுங்கள்.

ஆங்கிலத்தில் தலைப்பைப் பெரிய எழுத்தில் போட்டு வேறுபடுத்தலாம், சாய்வெழுத்தில் அழுத்தம் காட்டலாம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமில்லை. சாய்த்தால் எழுத்து தள்ளாடுவது போலத்தான் தெரியும். ஆகவே எது முக்கியம், எது அடுத்தது என்பதை அளவாலும் தடிமனாலும் நிறத்தாலும் மட்டுமே சொல்ல வேண்டும். தலைப்பு 48 பாயின்ட், முன்னுரை 14, உரை 10, படக்குறிப்பு 8. இந்தத் தாவல் பெரிதாக இருக்கட்டும். 14-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் கண்ணும் கவனிக்காது.

எழுத்துருக்கு அலைய வேண்டியதில்லை. அனெக் தமிழ் ஒடுக்கத்திலிருந்து அகலம் வரை விரியக்கூடியது, தலைப்புகளுக்கு அருமையாகப் பொருந்தும். பலூ தம்பி உருண்டை உருண்டையாகக் குறும்பாக இருக்கும். உரைக்கு முக்த மலர் அல்லது ஹிந்த் மதுரை. இவை எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைப்பவை, அச்சிட்டு விற்கவும் தடையில்லை. ஒரு இதழுக்கு இரண்டு குடும்பம் போதும். ஏழு எழுத்துருவைக் கலந்தால் இளமை வந்துவிடும் என்று பெரியவர்கள்தான் நினைக்கிறார்கள். பதின்வயதினர் நாள் முழுக்கச் சுத்தமான செயலித் திரைகளைப் பார்ப்பவர்கள், அவர்களுக்கு அது கல்யாண நோட்டீஸ் போலத் தெரியும்.

பழைய பாமினி வகை எழுத்துருக்களைத் தவிர்த்து யூனிகோடிலேயே வேலை செய்யுங்கள். பாமினியில் தட்டிய மேட்டரை வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் யூனிகோடு தமிழ் உடைந்து, ‘கொ’வில் கொம்பு தனியாகப் புள்ளி வட்டத்தோடு நின்றால், பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி’ என்ற தேர்வுக்கு மாற்றுங்கள். காசில்லாமல் செய்ய ஸ்கிரைபஸ் என்ற மென்பொருள் இருக்கிறது, அதன் 1.5.3-க்குப் பிந்திய பதிப்புகள் தமிழை ஒழுங்காகக் கோக்கும்.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டும் ஸ்டைலைத் தமிழில் செய்யாதீர்கள். ‘கொ’ என்பது பார்வைக்கு மூன்று துண்டு. இடைவெளி கூடினால் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கமாகப் பிரிந்து வாசிப்பே தடுமாறும்.

பாடல் வரிப் பக்கம்

செய்தியை விட்டுவிடலாம், இதை விடக் கூடாது. வரிகள் போனிலும் கிடைக்கும்தான். ஆனால் அங்கே அவை உருண்டு ஓடும், பாதி இடத்தில் பிழையாக இருக்கும், பக்கத்தில் எழுத இடமும் இருக்காது. அச்சில் வரிப் பக்கம் என்பது பயிற்சித் தாள்.

முதலில் உரிமை. பாடல் வரி எழுதியவரின் உடைமை. இந்தியச் சட்டப்படி அவர் மறைந்து 60 ஆண்டு வரை அது நீடிக்கும். சினிமாப் பாட்டு என்றால் உரிமை யாரிடம் என்று தேடி எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். தொடங்குபவர்களுக்கு நல்ல வழி, தாங்களே எழுதிப் பாடும் தனியிசைக் கலைஞர்களைக் கேட்பது. வரி அவர்களுடையது, அச்சில் வருவதை விரும்பவும் செய்வார்கள். அப்போதும் வாய்ப்பேச்சோடு விட்டுவிடாமல் ஒரு மின்னஞ்சலாவது வாங்கி வையுங்கள்.

அடுத்தது அமைப்பு. வரிகளை நடுவாக்கி அடுக்குவதுதான் எல்லாரும் செய்வது. தமிழ்ப் பாட்டுக்கு அது கேடு. உதாரணத்துக்கு இரண்டு வரி எழுதிப் பார்க்கலாம்:

பட்டம் விட்டு நூலறுந்தா பக்கத்து வீட்டு மாடி
திட்டு வாங்கி இறங்கி வந்தா தெருவே நம்ம ஜோடி

‘பட்டம், திட்டு’ எதுகை. இரண்டாம் எழுத்து ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக விழுந்தால் கண்ணுக்கே தெரியும். நடுவாக்கினால் வரியின் தலை ஆளுக்கொரு பக்கம் நகர்ந்து அந்த நூல் அறுந்துவிடும். இடது ஓரம் சீராக இருக்கட்டும். எதுகை எழுத்துக்கு ஒரு நிறம், ‘பட்டம், பக்கத்து’ என வரும் மோனைக்கு இன்னொன்று, ‘மாடி, ஜோடி’ என்ற இயைபுக்கு மூன்றாவது. பள்ளியில் செய்யுள் இலக்கணமாகப் படித்துச் சலித்தது, ராப் பாட்டுக்குள்ளும் ஓடுகிறது என்று வாசகர் தாமாகவே காண்பார். விளக்கக் குறிப்பை மூன்று வரிக்கு மேல் எழுதிக் கெடுக்காதீர்கள்.

வரியை எங்கே முறிப்பது? பாடுபவர் மூச்சு வாங்கும் இடத்தில். தாளில் இடம் போதாமல் வரி தானாக மடிந்தால் பாடிப் பார்ப்பவர் தவறான இடத்தில் மூச்சு விடுவார். வரி நீளமாக இருந்தால் எழுத்தைச் சிறிதாக்குங்கள் அல்லது மடிந்த பகுதியை 6 மி.மீ. உள்தள்ளுங்கள். பல்லவிக்குத் தடித்த எழுத்து. இரண்டாம் முறை வரும் பல்லவியை மறுபடி அச்சிடாமல் ‘பல்லவி’ என்று மட்டும் போட்டால் இடம் மிஞ்சும்.

அந்த மிஞ்சிய இடத்தில் தாளக் கட்டம் போடுங்கள். நாலு எண்ணிக்கைக்கு ஒன்றுக்கு நாலாக 16 பெட்டி ஒரு வரிசையில், அப்படி மூன்று வரிசை: அடித்தட்டு ஒலி, கைதட்டு ஒலி, சலங்கை. அடிக்க வேண்டிய பெட்டியை நிரப்பி, அதற்குக் கீழே ஒரு வரிசையைக் காலியாக விடுங்கள், வாசகர் தம் சொந்த அடியை எழுத. பெட்டி 8 மி.மீ.-க்குக் குறைந்தால் பேனா வெளியே போகும். பெஞ்சில் விரலால் தட்டிப் பழகும் பிள்ளைகளுக்கு இது எந்தப் பேட்டியையும் விடப் பிடிக்கும்.

அட்டை

பெட்டிக்கடையில் இதழ் கயிற்றில் கிளிப்போடு தொங்கும், ஒன்றின் மேல் ஒன்றாக. முழு அட்டை யாருக்கும் தெரியாது, மேல் மூன்றில் ஒரு பங்குதான் தெரியும். பெயரும் கண்களும் அந்தப் பங்குக்குள் வர வேண்டும். பெயருக்கு ஏறத்தாழ 50 மி.மீ. உயரம் கொடுங்கள்.

பெயர் ‘கொட்டு’ என்று வைத்துக்கொள்வோம். அட்டைப்படக் கலைஞரின் தலை பெயரை லேசாக மறைப்பது இதழ்களின் பழைய உத்தி, ஆழம் காட்டும். ஆனால் தலை அந்த ‘ா’ காலை மறைத்தால் கடையில் தொங்குவது ‘கெட்டு’. ஆங்கில எழுத்தில் பாதி மறைந்தாலும் சொல் ஊகத்தில் பிடிபடும். தமிழில் ஒரு கால், ஒரு புள்ளி போனால் வேறு சொல் ஆகிவிடும். எந்த எழுத்தின் எந்தப் பகுதியை மறைக்கலாம் என்று முதல் இதழிலேயே வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெயரில் இரண்டு ‘ட’வின் அடிப்பகுதி கொஞ்சம் மறையலாம், வேறெதுவும் கூடாது. பொது விற்பனைக்கு வரும் பருவ இதழுக்குப் பெயர்ப் பதிவும் வேண்டும். 2024 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த 2023-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தின்கீழ் அது நடக்கிறது. பெயருக்கு அழகு எழுத்து வரைவதற்கு முன்பே அதைப் பாருங்கள்.

அட்டை வரிகள் நாலு போதும். ஒன்று பெரிது, மூன்று சிறிது. ‘பிரபல பாடகருடன் சிறப்புப் பேட்டி’ என்றால் எதுவுமே சொல்லவில்லை. ‘ஒரே மைக், ஒரே போர்வை: கட்டிலுக்கு அடியில் ரெக்கார்டிங்’ என்றால் பிரித்துப் பார்ப்பார்கள். உள்ளே கட்டாயம் அது இருக்க வேண்டும், பதின்வயதினர் ஏமாற்றியவரை மறப்பதில்லை.

நிறமும் படமும்

திரையில் மின்னும் நியான் பச்சையும் மின்சார ஊதாவும் நாலு கலர் அச்சில் வராது. சிஎம்ஒய்கே, அதாவது சியான், மெஜன்டா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையின் வரம்புக்கு வெளியே இருப்பவை அவை. அச்சில் பாசிப் பச்சையாகவும் மங்கிய கத்தரிப்பூ நிறமாகவும் இறங்கும். வடிவமைக்கத் தொடங்கும்போதே சிஎம்ஒய்கே-யில் தொடங்குங்கள். நியான்தான் வேண்டும் என்றால் அட்டைக்கு மட்டும் ஐந்தாவதாக ஒரு ஒளிர் மை போடச் சொல்லிக் கேட்கலாம். பேன்டோன் என்ற நிற எண் வரிசையில் 806 என்றால் பளீர் ரோஸ். செலவு கூடும், ஆனால் கடைக் கயிற்றில் பத்தடி தள்ளி நிற்பவரையும் இழுக்கும்.

சிறிய எழுத்து எப்போதும் கறுப்பு மை மட்டும், 100 சதவீதம். நாலு மையும் கலந்த கறுப்பில் 8 பாயின்ட் எழுத்து அடித்தால் பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழும். மாறாக, பெரிய கறுப்புப் பரப்புக்கு மையைக் கலக்கலாம்: சியான் 60, மெஜன்டா 40, மஞ்சள் 40, கறுப்பு 100. மேப்லித்தோ மையை உறிஞ்சும், படங்கள் அதில் ஒரு படி இருண்டு வரும். உள்பக்கப் படங்களை முன்கூட்டியே வெளிச்சமாக்கி வையுங்கள்.

படத்தின் அளவைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல். 1080 பிக்சல் அகலமுள்ள போன் ஸ்கிரீன்ஷாட் அச்சில் 9 செ.மீ.தான், ஒரு பத்தி அகலம். முழுப் பக்கத்துக்கு வெட்டுப் பகுதியோடு 2551-க்கு 3295 பிக்சல் தேவை. 12 மெகாபிக்சல் போனில் எடுத்த 4000-க்கு 3000 படத்தை நடுப்பக்கத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 240 பிக்சல் வரும், தள்ளி நின்று பார்க்கும் போஸ்டருக்கு அது தாங்கும். ஆனால் அதே படம் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்தால் சுருங்கிப்போய் வரும். ‘டாகுமென்டாக அனுப்புங்க’ என்று ஒரு வரி சொன்னால் பிழைத்தது.

படம் எடுத்தவரின் அனுமதி வேண்டும். படத்தில் இருப்பவர் 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும், பள்ளி இசைக்குழுப் படம் போடும்போது இதை மறந்துவிடுகிறார்கள். பள்ளிப் பெயர், சீருடைச் சின்னம், வீட்டுத் தெரு படத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்தின் தொனி

‘அன்பு மாணவச் செல்வங்களே’ என்று தொடங்கினால் மூடி வைத்துவிடுவார்கள். அதற்கு எதிர்த்திசையில், போன வருட ஸ்லாங்கைத் திணித்து ‘மச்சி’ போடுவதும் அதே கதிதான். சக இசை ரசிகரிடம் பேசுவது போல ‘நீங்க’ என்று எழுதுங்கள். தெரிந்ததைத் தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டு பக்கக் கட்டுரைக்கு 350 முதல் 400 சொல். பேட்டியில் ‘இசைப் பயணம் எப்படித் தொடங்கியது?’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு ‘முதல் மைக் எங்கே வாங்குனீங்க, எவ்வளவு?’ என்று கேட்டால், கேட்டவருக்கும் படிப்பவருக்கும் பிடி கிடைக்கும். நாளைக்கே தாமும் தொடங்கலாம் என்று ஒரு பதினைந்து வயதுக்குத் தோன்றுவது அந்தப் பதிலில்தான்.

க்யூஆர் குறியீடு வைப்பதானால் பக்கத்துக்கு ஒன்று, குறைந்தது 2 செ.மீ. சதுரம், வெள்ளையில் கறுப்பு, சுற்றிலும் வெற்றிடம். மடிப்பின் மேல் வேண்டாம். வேறொருவரின் காணொளி முகவரியை நேராகப் போடாமல் உங்கள் சொந்த இணையப் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். காணொளி நீக்கப்பட்டாலும் அச்சிட்ட கட்டம் செத்துப்போகாது.

அச்சுக்குப் போகும் முன்

பிடிஎஃப்-ஐத் தனித்தனிப் பக்கமாக, வரிசை எண்படி கொடுங்கள். 24-க்குப் பக்கத்தில் 1-ஐ ஒட்டுவது அச்சகத்தின் வேலை. நீங்களே ஒட்டிக் கொடுத்தால் இரட்டிப்பாகக் குழம்பும். நாலு பக்கமும் 3 மி.மீ. வெட்டுப் பகுதி, எழுத்துருக்கள் உள்ளே பதிந்திருக்க வேண்டும், முக்கியமான எழுத்து எதுவும் ஓரத்திலிருந்து 10 மி.மீ.-க்குள் இருக்கக் கூடாது. பின் அடித்த இதழில் உள்தாள்கள் மயிரளவு வெளியே தள்ளும், வெட்டும்போது அந்த ஓரம்தான் கூடுதலாகப் போகும்.

ஏ3 தாள் போகும் பிரின்டரில் 24 பக்கத்தையும் உண்மையான அளவில் அடித்து, மடித்து, பின் குத்துங்கள். திரையில் 200 சதவீதத்தில் பார்த்து ‘படிக்க நல்லா இருக்கு’ என்று நினைத்த படக்குறிப்பு இங்கேதான் எறும்பாகத் தெரியும். பிறகு அந்த டம்மியை இலக்கு வயதிலுள்ள மூன்று பேரிடம் கொடுங்கள். கூடவே ஒரு பேனாவும் கத்தரிக்கோலும் வையுங்கள். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு நல்லா இருக்கு என்பார்கள். பத்து நிமிடம் தள்ளி உட்காருங்கள். எந்தப் பக்கத்தில் விரல் நின்றது, எங்கே உதடு அசைந்தது, தாளக் கட்டத்தின் காலி வரிசையில் யாராவது எழுதினார்களா, நடுத்தாளை உருவினார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பேரும் நிற்காமல் புரட்டிய பக்கத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு பாடல் வரிப் பக்கம் போட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.